திட்டியவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது

போன மாதம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். கடைசி வாரத்தில் எங்கள் ஆபீஸில் ஒரு புது மென்பொருளைக் காட்டினார்கள். எங்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி ரசிகர்கள் இணையத்தில் எழுதுவதையெல்லாம் அது ஒரே மூச்சில் படித்து, பாராட்டு என்றால் பச்சை, திட்டு என்றால் சிவப்பு என்று பிரித்துவிடுமாம். இயக்கிக் காட்டியவள் கீர்த்தனா. இங்கே அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த நம்மூர்ப் பெண். திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. எல்லோரும் கவலையோடு தலையாட்டினார்கள். நான் மட்டும் இதில் பாதி தப்பு என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

மதியம் அவள் என் மேசைக்கு வந்தாள். "ஆன்ட்டி, எது ராங்னு சொல்லுங்களேன். நீங்க அந்தக் காலத்துல கேசட்ல கேட்டு கையால எழுதுவீங்களாமே, ட்ரூவா?"

"ட்ரூதான் கண்ணு. உன் மெஷின் பண்ற தப்பை நான் அப்படியே தலைகீழாப் பண்ணி மாட்டியிருக்கறேன்."

"ஸ்டோரி சொல்லுங்க ஆன்ட்டி."

சொல்லத் தொடங்கினேன். அவளுக்கு மூன்று மணிக்கு மீட்டிங், பாதியில் ஓடிவிட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிப் பொள்ளாச்சியிலிருந்து டெக்சஸில் இர்விங்குக்கு வந்தவள் நான். பி.காம் படிப்பு, டைப்பிங்கில் ஹையர். வீட்டுக்காரர் மயில்சாமி டெலிபோன் கருவி செய்யும் கம்பெனியில் எஞ்சினியர். கிரீன் கார்டு வந்ததும் மகளை டேகேரில் விட்டுவிட்டு வேலை தேடினேன். தற்காலிக ஆட்களை அனுப்பும் ஓர் ஏஜென்சி என்னை டாலஸில் அந்த அணியின் ஆபீஸுக்கு அனுப்பியது. கூடைப்பந்து என்றால், பள்ளிக்கூடத்தில் உயரமான பெண்களைப் பொறுக்கியெடுத்து மைதானத்துக்குக் கூட்டிப்போவார்கள் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். நான் ஐந்தடி ஓரங்குலம். என்னை யாரும் கூட்டிப்போனதில்லை.

அணி அப்போது படுத்த படுக்கையாகக் கிடந்தது. பேர் பெற்ற ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டு, இருபது இருபத்தொரு வயதுப் பையன்களாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். புதிதாகக் கட்டுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பேப்பரில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பையன்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ரசிகர்களின் கோபம் எங்காவது இறங்க வேண்டுமே என்று ஆபீஸில் ஒரு டெலிபோன் நம்பரைத் திறந்து வைத்தார்கள். எங்கள் இளம் ஆட்டக்காரர்களைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று ஒரு குரல் கேட்கும், பீப் சத்தம் வரும், மூன்று நிமிஷம் பேசலாம். அந்தக் கேசட்டுகளைக் காலையில் கேட்டு எழுதுவதுதான் என் வேலை.

எனக்கு மேலே இருந்தவர் மிஸ் லோரெய்ன். பேரன் பேத்தி எடுத்தவர்தான், ஆனாலும் டெக்சஸ் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் மிஸ் லோரெய்ன். டெலிபோன் கம்பெனியில் புகார் பிரிவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். சேர்ந்த அன்று என் பெயரைக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். மறுநாள் காலை "குட் மார்னிங், கலாமணி" என்றார். லகரமும் ணகரமும் பிசகாமல் சுத்தமாக வந்தது. ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். இந்த நாட்டில் நான் போன எந்த ஆபீஸிலும் யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டதில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. ஒவ்வொரு ஆளின் பேச்சையும் இரண்டு தடவை கேட்க வேண்டும். முதல் தடவை பென்சிலைத் தொடக்கூடாது. "மொதல்ல யாரு பேசறாங்கன்னு கேளு. அப்புறம் என்ன பேசறாங்கன்னு கேளு" என்பார். (அவர் பேசியது டெக்சஸ் ஆங்கிலம்தான். என் காதுக்குள் போனதும் அது எங்கள் ஊர்ப் பேச்சாகிவிடும், அப்படியே எழுதுகிறேன்.) இரண்டாம் தடவை பேசியவர் பெயர், ஊர், சொல்லியிருந்தால் போன் நம்பர், எந்த ஆட்டக்காரரைப் பற்றி என்று எழுத வேண்டும். ஒருவரே வாரத்தில் பத்துத் தடவை பேசினாலும் ஒரு தடவைதான் கணக்கு. கெட்ட வார்த்தைக்கு ஒரு கோடு. அழுதால் 'அழுதார்' என்று எழுத வேண்டும். கடைசியாக மூன்று கட்டங்கள்: வைத்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

நான் தப்புச் செய்தால் மிஸ் லோரெய்ன் திட்ட மாட்டார். தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு அவர் பாட்டுக்குக் காபி குடிப்பார். நானே கண்டுபிடிக்கும் வரை அந்தக் காபி தீராது.

அந்த விளையாட்டை நான் காதால்தான் கற்றுக்கொண்டேன். முதல் ஆட்டத்தை நேரில் பார்ப்பதற்கு முன்பே ஒரு வருஷத்துக் கேசட்டுகளைக் கேட்டு முடித்திருந்தேன். பந்தை முன்னால் கொண்டுபோகும் பையனைப் பற்றி ஒருவர் சொல்வார்: "வேகமா ஓடறான், சரி. தரையைப் பாத்துட்டே ஓடறானே, தரையில என்ன கெடக்குது? பக்கத்துல நாலு பேரு கைய நீட்டிட்டு நிக்கறாங்க." ஒரு பெண்மணிக்கு ஆட்டத்தைவிட இடைவேளை முக்கியம்: "அந்த நெட்டைப் பையன் தண்ணியே குடிக்க மாட்டேங்கறான். பக்கத்துல இருக்கறவங்க சொல்லக்கூடாதா?" மகளைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றிப் பேசுவதுபோல அத்தனை நுணுக்கமாகப் பேசுவார்கள். எல்லாம் தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணிக்காக.

வீட்டில் டிவியில் ஆட்டம் ஓடும்போது நான் என்னையறியாமல் பேச ஆரம்பித்தேன். "ஏனுங்க, பாருங்க, மறுபடியும் தரையைப் பாக்கறான்" என்பேன்.

"ஏங் கலா, ஊட்டுக்கு வந்துமா ஆபீஸு?" என்பார் அவர். கிரிக்கெட் தவிர மற்றதெல்லாம் அவருக்கு உடற்பயிற்சி.

அந்தப் பையன்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவன் கெவின். தூரத்திலிருந்து எறிந்தாலும் வளையத்துக்குள் விழும், சிரித்தால் கேமராவுக்குப் பிடிக்கும். அவனைப் பற்றி வரும் பேச்சுகள் கால் நிமிஷத்தில் முடிந்துவிடும்: நல்ல பையன், வைத்துக்கொள்ளுங்கள், வணக்கம். இன்னொருவன் டெரல். மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர்க்காரன், ஆறடி ஒன்பது அங்குலம். மேலே பாய்ந்து பந்தைப் பிடிப்பதில் அவனுக்கு நிகர் அந்த அணியில் யாருமில்லை, பிடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியாது. எதிராளி தப்பாட்டம் ஆடினால் ஃப்ரீ த்ரோ கிடைக்கும், அதாவது யாரும் குறுக்கே வராமல் நின்ற இடத்திலிருந்து எறியலாம். சின்னக் குழந்தையும் போடும் என்று ரசிகர்கள் நினைக்கும் அதை டெரல் பாதிக்குப் பாதி விட்டுவிடுவான். அவனைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிஷம் போதாது. பீப் சத்தம் வெட்டிவிடும், மறுபடி கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து திட்டுவார்கள்.

"முழங்கை. எறியறப்போ வலது முழங்கை கோழி றெக்கையாட்டம் வெளிய போகுது. பந்து எப்படி நேராப் போகும்? சொல்ல அங்க ஆளே இல்லையா?" டெரலின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவன் முழங்கையை நான் நூறு தடவை கேட்டுவிட்டேன்.

இந்தப் பேச்சுகளை நான் எந்தக் கட்டத்தில் போட்டேன் தெரியுமா? 'வைத்துக்கொள்ளலாம்' என்பதில்.

எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பொள்ளாச்சியில் என் அப்பா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். வேலைக்கு இருந்தவர்களைக் காலையிலிருந்து திட்டுவார். யாருக்கு அதிகம் விழுகிறதோ அவன்தான் அவருக்கு வேண்டியவன், அவனைத்தான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து வருவார். யாரையாவது "வாங்க தம்பி, உக்காருங்க" என்று மரியாதையாகப் பேசினால், அந்த ஆள் அந்த வாரத்தோடு போகப்போகிறான் என்று எங்கள் சமையலறைக்கே தெரிந்துவிடும். அம்மா என்னைத் திட்டாமல் இருந்த ஒரே நாள் நான் விமானம் ஏறிய நாள். அப்படி வளர்ந்தவளுக்கு, ஒருவனுடைய முழங்கைக்காக மூன்று நிமிஷம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிறவர் அவனை வேண்டாம் என்கிறார் என்று எப்படித் தோன்றும்? அக்டோபர் முதல் அப்படியே டிக் அடித்துக்கொண்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை. வாரத் தாள் மூன்றாவது மாடிக்குப் போய் ஃபைலில் படுத்துவிடும், யாரும் படிப்பதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

புது வருஷத்து முதல் வாரம், திங்கட்கிழமை, அது மாறியது. முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு மூத்த ஆட்டக்காரர் அணிக்குத் திரும்புகிறார். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். டெரல், கெவின் இருவரில் ஒருவன் போயாக வேண்டும். கோச்சுக்கு ஒருவன் மேல் கண், ஜெனரல் மேனேஜருக்கு இன்னொருவன் மேல். இரண்டும் சமமாக நிற்கிறது, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தாள் வேண்டும் என்று மேலிருந்து போன் வந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். என் தாளில் டெரல்தான் முன்னால் நின்றான்.

இந்தத் தடவை மேலே படிக்கப் போகிறார்கள் என்பதால் மிஸ் லோரெய்ன் பத்துப் பேச்சுகளை அங்கங்கே எடுத்துக் கேட்டுச் சரிபார்த்தார். கேட்டு முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். தாளை என் பக்கமாகத் திருப்பினார். காபியைத் தொடவில்லை.

"இவரு டெரலை வெச்சுக்கலாம்னு எங்க சொன்னாரு?"

"சொல்லலீங்க. ஆனா அவருக்கு அதுதான் வேணும்."

"அதை அவரு சொன்னாரா?"

"வேண்டாதவனா இருந்தா போனையே எடுக்க மாட்டாருங்க மிஸ் லோரெய்ன். அவன் மேல உசுரு இருக்கறதனாலதான் இத்தனை கத்தறாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹனி, நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா அது அவரு வார்த்தை இல்ல, உன் வார்த்தை. இந்தத் தாள்ல நீ கெடையாது."

எத்தனை நாளாக என்று கேட்டார். அக்டோபரிலிருந்து என்றேன். அப்போதும் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியது இது. விதிப்படி திட்டியவர்களையெல்லாம் 'ஒன்றும் சொல்லவில்லை' என்ற கட்டத்துக்கு மாற்றினால், டெரலின் பெயருக்கு எதிரே ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. கால் நிமிஷம் பேசியவர்களால் கெவின் இருப்பான். மாதக்கணக்கில் தொண்டை வறளக் கத்திய அத்தனை பேரும் ஊமைகளாகிவிடுவார்கள், டெரல் வீட்டுக்குப் போவான். மாற்றாமல் அனுப்பினால் அது பொய்.

"போன் நம்பர் குடுத்தவங்க இருக்காங்க. கூப்பிட்டுக் கேட்டுடட்டுங்களா?"

"டெலிபோன் கம்பெனியில முப்பது வருஷத்துல நாங்க யாரையும் திருப்பிக் கூப்பிட்டதில்ல. அவங்கதான் நம்மளைக் கூப்பிடுவாங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.  அவர் இன்னொரு ஹெட்போனை எடுத்து என் டெலிபோனில் செருகி, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "ஒரே கேள்வி. வெச்சுக்கணுமா, விட்டுடணுமா. முன்னாலயும் ஒரு வார்த்தை கூடாது, பின்னாலயும் கூடாது. அவங்க சொல்றதை எழுது."

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கூப்பிட்டோம். முப்பத்தெட்டுப் பேர் கிடைத்தார்கள்.

முதலில் கார்லண்டில் ஒரு பஸ் மெக்கானிக். டெரலை வாரத்தில் மூன்று நாள் திட்டுகிறவர், என் மனதில் அவன் கட்சிக்குத் தலைவரே அவர்தான். கேட்டதும் யோசிக்கவே இல்லை. "விட்டுடுங்க. என்னால பாக்க முடியல. ஒவ்வொரு ஆட்டமும் நெஞ்சு அடைக்குது." உங்களுக்கு அவன் மேல் அக்கறை இல்லையா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மிஸ் லோரெய்ன் பென்சிலை உயர்த்தினார். வாயை மூடிக்கொண்டு டிக் அடித்தேன். 

மெஸ்கீட்டில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் ஒரு பெண்மணிக்குக் கோபமே வந்துவிட்டது. "அவனைப் போகச் சொல்லி யாரு சொன்னது? நான் என் சொந்த மகனை இதைவிடத் திட்டறேன். அவன் இன்னும் என் வீட்டுலதான் சாப்பிடறான்." நான் மிஸ் லோரெய்ன் முகத்தைப் பார்த்தேன். பாதிச் சிரிப்பு இருந்தது. பாதிதான்.

புதன்கிழமை மிஸ்டர் ஹாலிஸ் கிடைத்தார். ஓக் கிளிஃப் பகுதியில் தனியாக இருந்த வயதானவர், தபால் இலாகாவில் வேலை செய்தவர். கண்பார்வை போய்விட்டது. டெரலை அவர் பார்த்ததே இல்லை, ரேடியோவில் வர்ணனை கேட்டே அவனை எடை போடுவார். மெஷினில் பேசும்போது அவனையே முன்னால் நிறுத்தி வைத்துப் பேசுவார்: "ரேடியோக்காரன் உன் பேரை எப்ப சொல்றான் தெரியுமா? பந்து உன் கைய விட்டுப் போனப்புறம்தான் சொல்றான். பந்து இருக்கறப்பவே உன் பேரைச் சொல்ல வை பாக்கலாம்." இத்தனை பேரில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அவர். இவர் பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

 "நாளைக்குச் சொல்லட்டுமா?" என்றார். "இதை ஒரு ராத்திரி வெச்சுப் பாக்கணும்."

அன்று சமைக்கும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுகிறவர்கள் வேண்டியவர்கள்தானே, நான் நினைத்தது தப்பா என்று கேட்டேன்.

"எங்கப்பாரு என்னத் திட்டாத நாளே கெடையாது" என்றார் மயில்சாமி. "அதுக்காக என்னைப் பக்கத்துலயே வெச்சுக்கறேன்னா சொன்னாரு? இங்க இருந்து என்னத்தக் கிழிக்கப் போற, போடான்னு பிளேன் ஏத்தி உட்டாரு."

"நீங்க சும்மா இருங்க" என்றேன். குழம்பு தீய்ந்துவிட்டது.

வியாழன் காலை மிஸ்டர் ஹாலிஸே கூப்பிட்டார். "விட்டுடுங்க. அங்க பெஞ்சுல உக்கார வெச்சே அவனை வீணாக்கிடுவீங்க. எங்கயாவது முழுசா ஆட விடற எடத்துக்குப் போகட்டும். அவன் பேரு வரும் வரும்னு ரேடியோ முன்னால காத்துட்டு இருக்கேன்மா, வரவே மாட்டேங்குது." அதோடு இதையும் சொன்னார்: "ஆனா அவன் வேண்டாம்னு நான் சொன்னதா எழுதிடாதே."

ஒரு கேள்விக்கு மேல் கேட்கக்கூடாது. ஆனாலும் கேட்டேன். "எந்தக் கட்டத்துலங்க போடறது?"

"என்னென்ன கட்டம் இருக்கு?"

சொன்னேன்.

"அப்படின்னா விட்டுடுன்னு போடு" என்றார். "வேற வழி இல்லை போல இருக்கு."

போட்டேன். மிஸ் லோரெய்ன் ஹெட்போனைக் கழற்றினார், கைக்குட்டையால் அதன் பஞ்சை நிதானமாகத் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "அடுத்தது யாரு?" என்றார். 

முப்பத்தெட்டில் இருபத்தொரு பேர் விட்டுவிடலாம் என்றார்கள், பதினேழு பேர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை டைப் அடித்து, பதினோரு மணிக்கே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயந்திரம் இரண்டு வரியில் அறிவிப்பு வந்தது. டெரலை விடுவித்துவிட்டார்கள்.

எங்கள் தாளால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று மிஸ் லோரெய்னிடம் கேட்டேன். "நான் பழைய தாளையே அனுப்பியிருந்தா அவன் இருந்திருப்பானுங்களா?"

"தெரியாது ஹனி. தெரிஞ்சுக்கவும் வழியில்ல. அதோட இருக்கப் பழகிக்கணும்" என்றார். பிறகு என் குளிர்க்கோட்டை எடுத்து அவரே பிடித்துக்கொண்டார், நான் கையை நுழைத்துக்கொள்ள. என்னை வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை என்பதை அவர் சொன்ன விதம் அது. காரில் உட்கார்ந்து ஃப்ரீவே ஏறுவதற்கு முன் நன்றாக அழுதுவிட்டுத்தான் போனேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் அறை வாசல் இருட்டியது. நிமிர்ந்தால் டெரல். தலையைக் குனிந்து உள்ளே வந்தான். பார்க்கிங் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவும், அவன் பெயருக்கு வந்த கடிதங்களை வாங்கவும் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அத்தனை கிட்டத்தில் நான் அவனைப் பார்த்ததே இல்லை. மீசை சரியாக முளைக்காத முகம். தோளில் ஒரு பை.

கடிதங்களை வாங்கிக்கொண்டவன் மேசைமேல் இருந்த டேப் மெஷினைப் பார்த்தான். "அந்த போன் லைன் இங்கதானா மேடம்?"

"இங்கதான்."

"என்னைப் பத்தி என்ன சொல்வாங்க?"

மிஸ் லோரெய்ன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை தம்பி, எல்லோரும் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் அது எங்கள் அப்பாவின் மரியாதை. அது இவனுக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

"திட்டுவாங்க" என்றேன். "நெறையத் திட்டுவாங்க. போன வாரம் முப்பத்தெட்டுப் பேரைக் கூப்பிட்டுக் கேட்டோம். இருபத்தொரு பேரு விட்டுடலாம்னாங்க. அதுல சில பேரு நீ வேற எங்கயாவது நல்லா ஆடணும்னுதான் அப்படிச் சொன்னாங்க. அதுக்குன்னு எங்ககிட்ட தனிக் கட்டம் இல்லை."

அவன் தலையாட்டினான். கோபப்படவில்லை. "நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் கோச் என்னைத் தினமும் கத்துவாரு. அப்புறம் நிறுத்திட்டாரு. 'நல்லாப் பண்றே, நல்லாப் பண்றே'ன்னு தோளைத் தட்டிட்டுப் போயிடுவாரு. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம்." பையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு கேட்டான்: "நீங்க என்ன சொல்வீங்க?"

என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தத் தாளில் நான் கிடையாது. ஆனால் அவன் தாளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டான்.

நான் எழுந்து நின்றேன். நின்றும் அவன் மார்பு வரைதான் வந்தேன். திட்டினேன். பந்து கைக்கு வந்ததும் கூடையைப் பார்க்காமல் கோச்சை எதுக்குப் பாக்கறே, அவரா வந்து போடப் போறாரு என்றேன். ஒரு ஃப்ரீ த்ரோ விட்டதும் தலையைத் தொங்கப் போட்டால் அடுத்தது எப்படி விழும் என்றேன். முட்டியை மடக்குவதே இல்லை என்றேன். அந்த முழங்கை, அந்த முழங்கை, ஊரே கத்துகிறது, ஓக் கிளிஃபில் கண் தெரியாத ஒரு மனுஷருக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லையா என்றேன். நடுவே எங்கேயோ ஆங்கிலம் தீர்ந்துபோய்த் தமிழ் வந்துவிட்டது. கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே திட்டினேன்.  அவன் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தான்.

முடிந்ததும் பையைக் கீழே வைத்தான். ஃபைல் அலமாரிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் பார்த்து நின்று, முட்டியை மடக்கி, கையில் இல்லாத பந்தைச் சுவரைப் பார்த்து எறிந்தான். விரல்கள் கூரையைத் தொட்டன.

"இப்ப?"

"வெளியதான் போகுது" என்றேன்.

மறுபடி எறிந்தான். "இப்ப?"

நான் பார்த்துச் சொல்வதற்குள் என் பின்னாலிருந்து, "இன்னும் ஓரங்குலம் உள்ள" என்று கேட்டது. திரும்பினேன். மிஸ் லோரெய்ன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஆட்டக்காரனைப் பற்றியும் அவர் சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

டெரல் முழங்கையை ஓரங்குலம் உள்ளே இழுத்துக்கொண்டு, மறுபடியும் எறிந்தான்.